தாத்தா வீட்டுக் கிறிஸ்துமஸும் அம்மாவின் கால் பங்கும்

கோவையில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தைப் பெயர், அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தாத்தா ராணுவத்தில் இருந்தவர். வெலிங்டனில் ஓய்வு பெற்ற கையோடு, குன்னூருக்கு அருகே ஒரு சரிவில் இடம் வாங்கித் தம் சொந்தப் பணத்தில் வீடு கட்டினார். டிசம்பர் 23 ஆனால் போதும், நான்கு பிள்ளைகளும் அவர்களுடைய குடும்பங்களும் மேட்டுப்பாளையம் வந்து, டிக்கெட் கிடைத்தால் மலை ரயிலிலும் கிடைக்காவிட்டால் பர்லியார் வழியாக பஸ்ஸிலும் மேலே ஏறிவிடுவார்கள். அக்டோபரிலேயே கேன்டீன் ரம்மில் உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் பீங்கான் ஜாடியில் ஊறத் தொடங்கியிருக்கும். 24-ஆம் தேதி இரவு, சபையின் பாடல் குழு வாசலில் வந்து நிற்கும்போது பாட்டி அத்தனை பேருக்கும் சுக்குக் காபி கொடுப்பார். குழந்தைகள் எல்லோரும் கூடத்தில் ஒரே ஜமக்காளத்தில், தாத்தாவின் ராணுவக் கம்பளிகளுக்குள் படுத்துக்கொள்வார்கள். விடியற்கால ஆராதனைக்குக் கிளம்பும்போது புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அதில் விரலால் பெயர் எழுதுவது அவர்களுக்கு வழக்கம். கடிதத்தில் பாதிக்கு மேல் இவைதாம்.

மீதிப் பாதி இது. தாத்தா 2009-இல் காலமானார். உயில் எதுவும் இல்லை. சின்ன மாமா 2015-இல் இறந்தார். அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், இளையவனுக்கு 16 வயது. பாட்டி 2021-இல் காலமானார்; அவரும் உயில் எழுதவில்லை. பெரிய மாமாவும் அத்தையும்தான் தொடக்கத்தில் இருந்தே அந்த வீட்டில் இருக்கிறார்கள். இந்த ஆண்டு மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "வயதாகிவிட்டது, இனி இங்கே கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடுவது வேண்டாம். வீட்டை விற்கப் போகிறேன்" என்று எழுதிவிட்டார். வாங்க வருகிறவர் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதியாக மாற்ற நினைக்கிறாராம். பட்டா மாற்றத்துக்குத் தேவை என்று சொல்லி, வாசகியின் அம்மாவிடம் விடுதலைப் பத்திரத்தில், அதாவது தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரத்தில், கையெழுத்துக் கேட்கிறார். "உனக்குக் கல்யாணம் ஆனது 1986-இல். 1989 சட்டத்துக்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்குப் பங்கு கிடையாது" என்றும் சொல்லியிருக்கிறார். "அண்ணனிடம் சொத்துக் கேட்டால் உறவே போய்விடும்" என்று அம்மா கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். "பேத்தி என்ற உரிமையில் நான் வழக்குப் போட்டு விற்பனையைத் தடுக்க முடியுமா? எங்கள் கிறிஸ்துமஸைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறதா?" என்று முடிக்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை. அம்மா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். விடுதலைப் பத்திரம், பொது அதிகாரப் பத்திரம், பேர் தெரியாத வெற்றுத்தாள் எதுவும் வேண்டாம். கோபித்துக்கொண்டு மறுக்கச் சொல்லவில்லை. "நகலைக் கொடுங்கள் அண்ணா, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்ய வேண்டுமானால், ஏமாற்றினார்கள் என்றோ வற்புறுத்தினார்கள் என்றோ நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். கூடப் பிறந்தவர்மீது அப்படி ஒரு குற்றச்சாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல உங்கள் அம்மாவால் ஒருநாளும் முடியாது என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பட்டா மாற்றத்துக்கு விடுதலைப் பத்திரம் தேவை என்பது சரியல்ல. இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வைத்து எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காக யாரும் தம் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. விடுதலைப் பத்திரம் செய்யும் காரியம் ஒன்றே ஒன்று: அம்மாவின் பங்கை மாமாவுக்கு மாற்றிவிடும்.

1989 சட்டம் உங்கள் குடும்பத்துக்கு வராது

மாமா வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று எண்ண வேண்டாம். இந்தத் தவறான எண்ணத்தைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 1989-இல் கொண்டுவந்த திருத்தம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கானது. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கில்லை என்ற பேச்செல்லாம் அதிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டில் நடந்த பாகப்பிரிவினையைப் பார்த்து, அதுவே நமக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் மகன், மகள் என்ற வேறுபாடே இல்லை. திருமணம் எந்த ஆண்டில் நடந்தது, நகை எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கும் இல்லை. சமபங்குதான்.

அதே சட்டம் உங்களுக்கு ஓர் ஏமாற்றத்தையும் வைத்திருக்கிறது. தாத்தா சொத்தில் பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று நீங்கள் நம்புகிறீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஓர் உரிமை கிடையாது. அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்தப் பங்கு அம்மாவுடையது மட்டுமே. பேத்தி என்ற முறையில் உங்களால் வழக்குத் தொடர முடியாது. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதையும் அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் வேலை அவருக்கு விவரம் சொல்வது.

யாருக்கு எவ்வளவு

தாத்தா உயில் இல்லாமல் இறந்ததால் பாட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு நான்கு பிள்ளைகளுக்கும் சமம். அதாவது ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. பாட்டி இறந்தபோது அவருடைய மூன்றில் ஒரு பங்கு மறுபடியும் நான்காகப் பிரிந்து ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று சேர்ந்தது. இரண்டையும் கூட்டினால் அம்மாவுக்குச் சரியாகக் கால் பங்கு வருகிறது. பெரிய மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் அதே கால் பங்கு.

சின்ன மாமாவின் கால் பங்கில்தான் நுணுக்கம் இருக்கிறது. தாத்தாவிடம் இருந்து அவருக்கு வந்த ஆறில் ஒன்று, 2015-இல் அவர் இறந்ததும் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று சமபாகமாகப் போயிற்று. பாட்டியிடம் இருந்து வர வேண்டிய பன்னிரண்டில் ஒன்று, அவர் ஏற்கெனவே இறந்துவிட்டதால் அவருடைய பிள்ளைகளுக்கு மட்டும் நேராகப் போகிறது. மருமகளுக்கு அதில் பங்கில்லை. வீட்டை 72 பாகமாக எண்ணினால் சின்ன அத்தைக்கு 4, பிள்ளைகளுக்குத் தலா 7. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இளையவனுக்கு வயது 16. அவனுடைய பங்கை விற்க வேண்டுமானால் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றத்தில் பாதுகாவலர் நியமனமும் விற்பனைக்கு அனுமதியும் பெற வேண்டும். அவன் அம்மா அவனுக்காகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். அதை நம்பி முன்பணம் வாங்கினால் மாமாதான் சிக்கலில் மாட்டிக்கொள்வார். இந்தச் செய்தியை அவருக்கு அவசியம் தெரிவியுங்கள், அவருடைய நன்மைக்காகவும்தான்.

தாத்தாவின் நாட்குறிப்பு

தாத்தாவின் பழைய நாட்குறிப்பில், "இந்த வீடு என் பிள்ளைகள் அனைவருக்கும். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வந்து தங்க வேண்டும். விற்கக்கூடாது" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று சொல்லி, அந்தப் பக்கத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். நீல மையில் சாய்வான கையெழுத்து. "அனைவருக்கும்" என்பதற்குக் கீழே இரண்டு கோடுகள். சட்டத்தின் கண்ணில் அது உயிலாகாது. உயிலுக்கு இரண்டு சாட்சிகளின் கையொப்பம் வேண்டும். இதில் ஒன்றும் இல்லை. முழு உரிமையையும் கொடுத்துவிட்டு எந்தக் காலத்திலும் விற்காதே என்று போடும் நிபந்தனையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதும் இல்லை.

"ராணுவத்தாருக்கு வாய்ச்சொல்லே உயில்" என்று உங்கள் பெரியப்பா சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. போர்முனையிலோ படையெடுப்பிலோ ஈடுபட்டிருக்கும் படைவீரருக்கு அந்தச் சலுகை உண்டு. அவர் வாயால் சொன்னாலும் உயில்தான். ஆனால் அந்த நிலையில் இருந்து மீண்ட பிறகும் அவர் உயிரோடு இருந்தால், வாய்மொழி உயில் ஒரு மாதத்தில் காலாவதியாகிவிடும். ஓய்வு பெற்றுப் பல ஆண்டு கழித்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னதற்கு அது பொருந்தாது. இருந்தாலும் அந்த நாட்குறிப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். வீடு தமக்கு மட்டும் உரியது என்று மாமா வாதாடும் நிலை வந்தால், அப்பாவின் எண்ணம் என்ன என்பதைக் காட்ட அது உதவும். அவருக்கு முன்னால் அதை வாசித்துக் காட்டினால் எந்தச் சட்டப்பிரிவையும்விட அதிகமாகவே உதவலாம்.

மாமாவால் தனியாக விற்க முடியுமா

அவருடைய கால் பங்கை அவர் விற்கலாம்; அது அவர் உரிமை. முழு வீட்டையும் விற்றுப் பத்திரம் எழுதினாலும் வாங்குகிறவருக்குப் போவது அந்தக் கால் பங்கு மட்டுமே. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒருவரின் பங்கை வாங்கிய வெளியாள், உங்களோடு சேர்ந்து உள்ளே வந்து குடியேறவும் முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள முன்வரலாம். இவ்வளவு தொல்லை இருப்பதால், விவரம் தெரிந்த யாரும் கால் பங்கை மட்டும் நல்ல விலைக்கு வாங்க வர மாட்டார்கள். விடுதிக்காக வாங்குகிறவருக்கு இன்னொன்றும் உண்டு. குடியிருப்பை வணிகக் கட்டடமாக மாற்ற மலைப்பகுதியில் தனி அனுமதி வேண்டும். வளாகத்தில் உள்ள மரத்தை வெட்டுவதற்கே 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். புரோக்கர் வாயில் வரும் தொகையை வைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம்.

பட்டா மாமா பெயருக்கு மாறப்போகிறது, வரி அவர்தான் கட்டுகிறார், பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அங்கேயே இருக்கிறார், அதனால் வீடு அவருடையதாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். பட்டா மட்டுமே உரிமை ஆவணம் ஆகாது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் குடியிருப்பது மற்றவர்களுக்காகவும்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, "இங்கே உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்ன நாளில் இருந்துதான் அந்தப் பன்னிரண்டு ஆண்டு எண்ணப்படும். ஆகவே அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தேதியோடு சேமித்து வையுங்கள். அவசரப்பட வேண்டாம், ஆண்டுக்கணக்கில் அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

கடிதத்தில் நான் கவனித்த ஒன்று

இனிச் சொல்வது சட்டத்தில் சேராது. சொத்து வழக்குகளிலேயே என் காலம் போயிருக்கிறது என்ற உரிமையில் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் நினைவுகளை எழுதிய பக்கங்களை இரண்டாவது முறை வாசித்தேன். தாத்தா கதை சொல்கிறார். பாட்டி சுக்குக் காபி கொடுக்கிறார். மாமா நட்சத்திர விளக்குக் கட்டுகிறார். குழந்தைகள் பனியில் பெயர் எழுதுகிறார்கள். பெரிய அத்தை நான்கு இடங்களில் வருகிறார்: கலகலாவுக்கு மாவு பிசைகிறார், வெந்நீர் அண்டாவுக்கு விறகு தள்ளுகிறார், கேக் கலவையைப் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார், எல்லோரும் ஆராதனைக்குப் போன பிறகு பிரியாணிக்கு வெங்காயம் நறுக்குகிறார். அவர் உட்கார்ந்ததாக ஒரு வரிகூட இல்லை. நீங்கள் வேண்டுமென்று விடவில்லை. குழந்தையாக நீங்கள் பார்த்தது அதுதான். இருபத்தாறு பேர் வந்து தங்கிய அந்த நான்கு நாட்களும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கேட்டுப் பாருங்கள். அவருக்கு இப்போது 68 வயது என்றும், முழங்கால் வலியால் வீட்டுக்கு இறங்கும் படிகளில் தடுமாறுகிறார் என்றும் நீங்களே வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். "இனிக் கூடுவது வேண்டாம்" என்று மாமா எழுதியதற்குச் சொத்தாசை மட்டும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசி ஆண்டுகளில் பாட்டியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியவர்களும் அவர்கள்தாம். மழையில் கூரை ஒழுகியபோது மாற்றியது மாமா. இதற்காக அவருடைய பங்கு அதிகமாகாது. ஆனால் வீட்டைக் காக்கத் தேவையாக இருந்த செலவில் மற்றவர்களும் தங்கள் பங்கை ஏற்க வேண்டும் என்று அவர் கேட்பதற்கு நியாயம் உண்டு. அதை அவர் கேட்பதற்கு முன்னால் உங்கள் அம்மாவும் பெரியம்மாவும் தாங்களாகவே சொல்லிவிட்டால், பேச்சின் போக்கே மாறிவிடும். "உங்கள் பங்கு எது?" என்று தொடங்கிய குடும்பங்கள் என் அலுவலகத்தில் பிரிந்து போயிருக்கின்றன. "உங்களுக்கு எவ்வளவு செலவாயிற்று?" என்று தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே காரில் திரும்பிப் போனார்கள்.

வழிகள்

ஒன்று, அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து மாமாவின் பங்கை வாங்கிக்கொள்வது. கையில் பணம் இருந்தால், வீடு இருக்க வேண்டும் என்ற ஆசையும் உண்மையானால், இதுதான் நேரான வழி. ஆனால் யாரும் குடியிருக்காத மலைவீட்டை இரண்டு பருவமழை சும்மா விடாது. பூட்டி வைத்துவிட்டு டிசம்பரில் மட்டும் திறக்கலாம் என்று நினைத்தால் நினைவுகளுக்குப் பதில் பூஞ்சைதான் மிஞ்சும். பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் யார் கொடுப்பது என்று முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மாமாவும் அத்தையும் தங்கள் காலம்வரை அங்கே இருக்கலாம், அதற்குப் பிறகு விற்றுப் பங்கிடலாம் என்று பதிவு செய்த குடும்ப ஏற்பாடு. ஆனால் அவர்களே கீழே சமவெளிக்கு வந்துவிட விரும்பினால் இதனால் யாருக்கும் பயனில்லை. முதலில் கேளுங்கள்.

மூன்று, எல்லோரும் சேர்ந்து விற்று, அவரவர் பங்கை அவரவர் வங்கிக் கணக்கில் நேரடியாகப் பெறுவது. சிறுவனின் பங்குக்கு நீதிமன்ற அனுமதி. மூலதன ஆதாய வரிக்கு முன்கூட்டியே ஓர் ஆடிட்டரின் கணக்கு. வருத்தமான முடிவுதான், ஆனால் குற்றமில்லாத முடிவு. நான் உங்கள் குடும்பத்தில் ஒருவனாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். அப்படி முடிவானால், விற்பதற்கு முன் வீட்டுப் பொருள்களுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். பீங்கான் ஜாடி, கம்பளிகள், பிறந்த நாட்கள் எழுதிய குடும்ப வேதாகமம் எல்லாவற்றிலும் வீட்டைப் போலவே எல்லோருக்கும் பங்குண்டு. என் அனுபவத்தில் வீட்டை அமைதியாகப் பிரித்துவிட்டு ஒரு சுவர்க் கடிகாரத்துக்காகப் பேச்சை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, பாகப்பிரிவினை வழக்கு. பேச்சு முறிந்து, மாமா இரகசியமாக விற்க முயன்றால் தயங்காமல் போடுங்கள்; இடைக்காலத் தடையும் கேட்கலாம். ஆனால் கிறிஸ்துமஸைக் காப்பாற்றுவதற்காக வழக்குப் போடாதீர்கள். ஒரு வீட்டை வசதியாகப் பிரிக்க முடியாவிட்டால் விற்றுப் பணத்தைப் பங்கிட நீதிமன்றமே உத்தரவிடலாம். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அத்தனை டிசம்பரிலும் நீங்கள் வாய்தா தேதி எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

வழக்குக்கு முன் உதகையில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்துச் சமரசம் பேசலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாட்டுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு, மேல்முறையீடும் இல்லை.

கூடுவது பற்றி. அதற்கு அந்த வீடுதான் வேண்டும் என்பதில்லை என்று நான் சொன்னால் உங்களுக்கு வலிக்கும். அந்தக் கூடமும் அந்தக் குளிரும் வேறெங்கும் இல்லைதான். ஆனாலும் இந்த ஆண்டு கோவையில் உங்கள் வீட்டுக்கு எல்லோரையும் அழையுங்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் முதல் அழைப்பு. வேலையை நீங்களும் உங்கள் தலைமுறை ஆண்பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று சொத்துப் பேச்சு கூடாது. அதற்கு ஜனவரியில் ஒரு நாள் குறித்துக்கொள்ளலாம்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியவை: பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சொத்தின் வில்லங்கச் சான்றைப் பாருங்கள், ஏற்கெனவே ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். தாத்தா, பாட்டி, சின்ன மாமா மூவருக்கும் தனித்தனியே வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். இல்லையென்றால் வட்டாட்சியருக்கு விண்ணப்பியுங்கள். பிறந்த தேதிகளில் குழப்பம் இருந்தால் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்து நகல் வாங்கலாம். சின்ன அத்தையிடம் அவருடைய பிள்ளைகளின் பங்கைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த விவகாரத்தில் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதாகக் கடிதத்தில் இல்லை. விடுதலைப் பத்திரத்தின் நகல் கையில் கிடைத்ததும் அதை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அம்மாவிடம் நேரடியாகவே பேசுகிறேன்.